512 பைட் வாசல்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டுச் சாலையில் பொழுது சாய்ந்துவிட்டால், ஓட்டுநர்கள் வளைவுக்கு வளைவு வண்டியை அடக்கித்தான் ஓட்டுவார்கள். திருப்பத்தில் யானை நிற்கலாம். 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இந்தப் பக்கம் முழுக்கப் பரந்திருக்கிறது. காட்டோரத்தில் ராகியும் கொள்ளும் போட்டிருக்கும் விவசாயிக்கு இரவில் மும்முனைக் கரண்டு வந்தால் நிம்மதி பாதி, அச்சம் பாதி. மோட்டார் ரூம் வீட்டை ஒட்டி இருப்பதில்லை. டார்ச்சோடு நடக்க வேண்டும்.

அந்த நடையை மிச்சப்படுத்த வந்ததுதான் மொபைல் ஸ்டார்ட்டர். சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். மூன்று பேஸும் வந்திருக்கிறதா, மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்து, அதுவே போடும், அதுவே நிறுத்தும். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு மோடம், சில ரிலேக்கள். அவ்வளவுதான் பொருள்.

அஞ்செட்டியில் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு கடையில் இப்படி இரண்டு பெட்டிகளை ஒரே மேசையில் பார்த்தேன். ஒன்று பழையது, மற்றது புதியது. இரண்டுக்கும் ஒரே நோய். விவசாயியின் செல் நம்பர் மாறிவிட்டது; பெட்டி இன்னும் பழைய நம்பருக்குத்தான் கீழ்ப்படிகிறது. செய்து விற்றவர்களைத் தேடினால் போன் எடுக்க ஆளில்லை. கடைக்காரர் சொன்னார்: “ரிலே நல்லாருக்குது, மோடமும் நல்லாருக்குதுங்கண்ணா. உள்ள இருக்கிற ப்ரோக்ராம்தான் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது.”

பழைய பெட்டி பிழைத்தது. புதிய பெட்டி பிழைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், புற ஊதா ஒளியால் அழிக்கக் கண்ணாடிச் சன்னல் வைத்த ஈப்ராம் நினைவகச் சில்லுகளிலிருந்து தொடங்கி, நாற்பது ஆண்டுக் கதையை நடந்து வர வேண்டும்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூருக்கு மின்னணு வந்த விதத்தை முதலில் நினைவில் கொள்வோம். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரம் செய்தது. அந்தக் கடிகாரத்துக்குள் இருந்த சில்லின் வேலை, நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்து, நொடிக்கு ஒரு துடிப்பாக்குவது. அதில் நிரல் என்று எதுவும் கிடையாது. சிலிக்கானில் வரைந்த கோடே அதன் விதி. யாராலும் மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

அதே காலத்தில் நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் 8085 கிட் வந்து சேர்ந்தது. இதை வாசிப்பவர்களில் பலர் அதன் விசைப்பலகையில் விரல் தேய்த்தவர்களாக இருப்பீர்கள். 4100 என்ற முகவரியில் தொடங்கி, பதினாறடிமான எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி, கடைசியில் ஓடவிடுவோம். நாம் தட்டியதை வாங்கி நினைவகத்தில் வைத்து, சொன்ன இடத்துக்குத் தாவியது யார்? கிட்டுக்குள் ஈப்ராமில் உட்கார்ந்திருந்த மானிட்டர் என்ற சிறு நிரல். சில்லு விழித்ததும் முதலில் ஓடி, மற்ற நிரலை ஏற்றி ஓடவிடும் இத்தகைய நிரலைப் பூட்லோடர் என்பார்கள்; தமிழ்நாட்டு வகுப்பறைகள் அறிந்த முதல் பூட்லோடர் அதுதான் என்பேன். ஆனால் கரண்டு போனால் அத்தனையும் போகும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும்.

போகாமல் நிற்க வேண்டுமானால் ஈப்ராமில் எழுத வேண்டும். எழுத ஒரு கருவி, அழிக்கப் புற ஊதா விளக்கு, அழியக் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ. ஒரு எழுத்துப் பிழைக்கு இருபது நிமிடம். 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 குடும்பத்தில் சன்னல் வைத்த 8751ஐ ஒரு வகுப்பே பங்கு போட்டுப் பயன்படுத்திய கல்லூரிகள் உண்டு. இந்தச் சுமை குறையத் தொடங்கியது 1993இல். அட்மெல் நிறுவனம் 8051ஐயே ஃபிளாஷ் நினைவகத்தோடு, ஏடி89சி51 என்ற பெயரில் கொண்டுவந்தது. மின்சாரத்தாலேயே அழிக்கலாம், நொடிகளில். எழுதும் கருவி மட்டும் இன்னும் வேண்டியிருந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் படித்த இரண்டு மாணவர்கள், ஆல்ஃப்-எகில் போகனும் வேகார்ட் வோலானும். அவர்கள் வடிவமைத்த ஏவிஆர் சில்லை அட்மெல் 1990களின் பிற்பாதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2000ஐ ஒட்டி வந்த ஏட்மெகா வரிசையில் ஒரு புதுமை சேர்ந்தது: ஓடிக்கொண்டிருக்கும் நிரலே தன் சில்லின் ஃபிளாஷில் எழுதலாம். கண்டபடி அல்ல. ஃபிளாஷின் மேல் முனையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அங்கிருந்து ஓடும் நிரலுக்கு மட்டும் எழுதும் உரிமை தந்தார்கள். வீட்டு வாசலில் காவலாள் நிற்பது போல. உள்ளே யார் குடியிருந்தாலும், ஆளை மாற்றும் அதிகாரம் வாசலில் நிற்கும் பூட்லோடரிடம்.

இந்த வாசலைத் திறந்து வைத்தவர்களின் கதை இத்தாலியில் நடக்கிறது. இவ்ரியா, ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகளால் வளர்ந்த தொழில் நகரம். அங்கிருந்த வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் கொலம்பியாவிலிருந்து வந்து படித்த ஹெர்னாண்டோ பர்ரகான் 2003இல் தன் முதுநிலை ஆய்வுக்காக வயரிங் என்ற ஒரு போர்டையும் அதற்கான மென்பொருளையும் உருவாக்கினார். மின்னணு படிக்காத ஓவியரும் நடனக் கலைஞரும்கூடப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். 2005இல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்டியெல்லெஸ், டாம் ஐகோ, ஜான்லூகா மார்ட்டினோ, டேவிட் மெல்லிஸ் ஆகியோர் அதை மலிவான ஏட்மெகா8 சில்லுக்கு மாற்றி ஆர்டுயினோ என்று பெயர் வைத்தார்கள். உலகம் இந்த ஐவரை அறியும். அடித்தளம் போட்ட பர்ரகானின் பெயர் பல பாடப் புத்தகங்களில் இல்லை. நம் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டின் முன்னுரையில் ஆர்டுயினோவின் வரலாற்றை நாலு வரி எழுதும்போது, அதில் ஒரு வரி அவருக்குரியது.

ஆர்டுயினோவின் வெற்றிக்கு எல்லோரும் அதன் எளிய மொழியைக் காரணம் சொல்வார்கள். நான் பூட்லோடரைச் சொல்வேன். போர்டைக் கணினியோடு இணைக்க ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள். எழுதும் கருவி என்று தனியாக எதுவும் வேண்டாம். நம் மாணவர்கள் “கோடு டம்ப் பண்ணு” என்று சொல்வார்களே, அந்த வேலை ஒரு சொடுக்காகச் சுருங்கியது. பெங்களூரு எஸ்.பி. சாலையில் போர்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் ஒரு பையன், ஊர் வந்து சேர்ந்ததும் வேலையைத் தொடங்கலாம். கல்லூரி ஆய்வகத்தின் சாவி வைத்திருப்பவருக்காக அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் அந்த பூட்லோடர், ஜேசன் கைல் எழுதியது, ஏட்மெகா168, 328 சில்லுகளில் இரண்டு கிலோபைட் இடத்தை அடைத்தது. மொத்தமே 16, 32 கிலோபைட் உள்ள சில்லில் அது பெரிய பங்கு. பீட்டர் நைட் அதை எடுத்து, கிட்டத்தட்ட முழுக்க சி மொழியிலேயே, 512 பைட்டுக்குள் சுருக்கினார். ஆப்டிபூட் என்று பெயர். பில் வெஸ்ட்ஃபீல்ட் அதைப் பல ஆண்டுகள் பேணி வளர்த்தார். 2010இல் வந்த ஆர்டுயினோ உனோ அதையே தாங்கி வந்தது. 512 பைட் எவ்வளவு என்று நமக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன்: தமிழை யூனிகோடில் தட்டினால் அதற்குள் மூன்று நான்கு குறள் அடங்கும். நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தி அடங்காது.

அந்தச் சிறு இடத்துக்குள் என்ன நடக்கிறது? ரீசெட் ஆனதும் சில்லு நேரே அங்கே தாவும். ஏன் எழுப்பப்பட்டேன் என்று அது முதலில் பார்க்கும். கரண்டு வந்ததால் எழுந்திருந்தால், தாமதிக்காமல் உள்ளே இருக்கும் நிரலிடம் பொறுப்பை விட்டுவிடும். வெளியிலிருந்து ரீசெட் அழுத்தப்பட்டிருந்தால், யாரோ ஏதோ சொல்ல வருகிறார்கள் என்று பொருள். ஒரு நொடி காத்திருக்கும். கணினி பேசினால் 128 பைட் கொண்ட பக்கங்களாக வாங்கி, அழித்து, எழுதும். பேசாவிட்டால் பழைய நிரலே ஓடும். கணினி கேபிள் வழியே அந்த ரீசெட்டைத் தட்டுவதற்கு போர்டில் இருப்பது ஒரு சின்ன கெப்பாசிட்டர். நிரல் உறைந்தால் சில்லை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரத்தையும் ஆப்டிபூட் முறையாக அணைத்துவிடும். அதைச் செய்யாத முந்தைய பூட்லோடர்களில் சில்லு ரீசெட்டாகி, மறுபடி ரீசெட்டாகி, முடிவில்லாமல் சுழலும்.

அந்தப் பழைய பூட்லோடர் இன்னும் மறையவில்லை. விலை குறைந்த நானோ போர்டு வாங்கி, கணினி போர்டோடு பேசவே முடியவில்லை என்று பிழை காட்டி, போர்டு டெட் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? மெனுவில் ‘பழைய பூட்லோடர்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். வேகம் மாறியிருக்கிறது, போர்டு சாகவில்லை.

இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது இன்னொரு செய்தியை. பூட்லோடரைப் புதுச் சில்லில் முதன்முறையாக ஏற்றக் கருவி வேண்டுமே? தாமஸ் ஃபிஷ்ல் 2005இல் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற மலிவான கருவியின் வரைபடத்தையும் நிரலையும் அப்படியே பொதுவில் வைத்தார். இன்று சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் கையகலக் கருவிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள். பிரையன் டீன் தொடங்கிய ஏவிஆர்டியூட் என்ற கட்டற்ற மென்பொருள் கணினியின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது. அதுவும் இல்லையென்றால் ஒரு ஆர்டுயினோவே இன்னொரு சில்லில் பூட்லோடரை ஏற்றும். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோமே, அதே போல. எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் ஆர்டுயினோவை வாங்கப்போவதாக குவால்காம் அறிவித்தது. நிறுவனம் கைமாறினாலும், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியான அந்த 512 பைட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2014இல் வைஃபை கொண்ட இஎஸ்பி8266 வந்தது, காற்று வழியே ஃபர்ம்வேர் மாற்றும் பழக்கம் வீட்டுச் சுவிட்சு வரை பரவியது. 2021 ஜனவரியில் ராஸ்பெர்ரி பை பிக்கோ வந்தது. அதன் பூட்லோடர் சில்லின் அழியாத ரோம் (ROM) நினைவகத்திலேயே பதிந்திருக்கிறது, அதன் மூல நிரலும் பொதுவில் இருக்கிறது. பொத்தானை அழுத்திக்கொண்டு செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. எவ்வளவு தவறாக எழுதினாலும் அந்த வாசல் கெடாது.

இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் திரும்புவோம்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. பிளக்கைத் துடைக்கவும் கார்பரேட்டரைக் கழுவவும் தெரிந்த எவரும் அதை ரோட்டோரத்தில் ஓடவைத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்து வாரிசான எக்ஸ்எல்100தான் இன்று அஞ்செட்டிச் சந்தைக்கு மூட்டை சுமக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி கட்டாயமானபோது அந்த மொபெட்டிலும் கார்பரேட்டர் போய், எரிபொருள் ஊசிமுறை வந்தது. பெட்ரோல் எவ்வளவு என்று முடிவு செய்வது இனி ஒரு மைக்ரோகன்ட்ரோலர். அதே 2020 ஜனவரியில் டிவிஎஸ் ஐக்யூப் மின் ஸ்கூட்டர். 2021இல் ஓசூரில் ஏத்தர் ஆலை, அதே ஆண்டு போச்சம்பள்ளியில் ஓலா, 2023 ஜனவரியில் சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை மின் ஸ்கூட்டர் ஆலைகள் இப்படி அடுத்தடுத்து முளைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்கூட்டரிலும் பேட்டரிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, முகப்புத் திரைக்கு ஒன்று என்று பல சில்லுகள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பூட்லோடர்.

இந்த வாசல்களில் காவல் கடுமை. அதற்கு நியாயமும் உண்டு. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகளை மறக்க முடியாது. பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதியை அரசு அதன்பிறகு இறுக்கியது. பேட்டரியின் வெப்ப வரம்பை யாரோ ஒருவர் மாற்றி எழுதிவிட்டால் பலியாவது ஓட்டுபவர் உயிர். ஆகவே தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே புதிய நிரலை ஏற்கும் பூட்லோடர் தேவைப்படுகிறது.

அப்படிப்பட்ட ஒன்றும் கட்டற்ற உலகிலேயே பிறந்தது. அப்பாச்சி மைநியூட் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து, செஃபிர் இயங்குதளத்தோடு வளர்ந்த எம்சியூபூட். சில்லில் இரண்டு அறைகள் வைக்கும். ஓடும் நிரல் ஒன்றில், புதிதாக வந்தது மற்றொன்றில். கையொப்பம் பொருந்தினால் இரண்டையும் இடம் மாற்றி, புதியதைச் சோதனையாக ஓடவிடும். ‘நலமாக இருக்கிறேன்’ என்று புது நிரல் தானே பதிவு செய்யாவிட்டால், அடுத்த ரீசெட்டில் பழையதைத் திரும்ப அமர்த்தும். பாதி வழியில் கரண்டு போனாலும் தாங்கும். இதன் ஒவ்வொரு வரியையும் நீங்கள் இன்றே படிக்கலாம்.

கவனிக்க வேண்டிய திருப்பம் இங்கேதான் இருக்கிறது. நிரல் திறந்திருக்கிறது, கையொப்பமிடும் சாவி திறந்திருக்கவில்லை. பூட்லோடர் எப்படி வேலை செய்கிறது என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் எந்தக் கையொப்பத்தை ஏற்க வேண்டும் என்ற எண் தொழிற்சாலையிலேயே சில்லுக்குள் எரிக்கப்பட்டுவிடுகிறது. இஎஸ்பி32 போன்றவற்றில் அது இ-ஃபியூஸ். எரித்தால் எரித்ததுதான், திரும்பாது. தமிழ்க் காதுக்கு ‘பூட்’ என்றால் பூட்டு நினைவுக்கு வரும். பெயர்க்காரணம் வேறு என்றாலும், இன்றைய நிலைமைக்கு அந்தப் பொருள் பொருந்திவிட்டது.

இந்த ஆபத்தை முன்னரே கண்டவர்கள் உண்டு. டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி லினக்ஸைப் பயன்படுத்திக்கொண்டு, மாற்றிய லினக்ஸை ஓட்ட மறுத்தது. அதற்கு விடையாகவே 2007 ஜூன் 29 அன்று வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, நிரலோடு அதை நிறுவத் தேவையான விவரத்தையும் கொடுக்கச் சொன்னது. ஆனால் அந்தக் கடமை வீட்டு உபயோகப் பொருள்களோடு நின்றுவிடுகிறது. விவசாயியின் மோட்டார் ரூம் அந்த வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. எம்சியூபூட்டும் செஃபிரும் அப்பாச்சி உரிமத்தில் உள்ளவை. அதில் இந்தக் கடமையே இல்லை. தொழிற்சாலைகள் அதைத் தேர்ந்தெடுப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் பக்கத்தில் நம்பிக்கை தரும் வேலையும் நடக்கிறது. சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கிய சக்தி திட்டம், செயலியின் வடிவமைப்பையே பிஎஸ்டி உரிமத்தில் பொதுவில் வைத்தது. 2018இல் அதன் சில்லு சண்டிகர் ஆலையிலும் வார்க்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் கட்டுப்பாட்டுச் சில்லு வந்தது: சண்டிகரில் வார்ப்பு, கர்நாடகத்தில் உறையிடல், குஜராத்தில் போர்டு, சென்னையில் பொருத்துதல். திருவனந்தபுரத்து சி-டாக் உருவாக்கிய தேஜஸ்32 சில்லும் ஏரீஸ் போர்டும் மாணவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்த நாட்டிலேயே வடிவமைத்த சில்லில், விழித்ததும் ஓடும் முதல் கட்டளையிலிருந்து நாமே எழுதலாம்.

2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான ஒரு குழு அமைத்து, டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. முதலில் கவனிக்க வேண்டிய துறைகளில் விவசாயக் கருவிகளைச் சேர்த்தது. அதில் ஒரு விதி எழுதப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை: மோட்டார் ஸ்டார்ட்டர், தெளிப்பான் போன்ற கருவிகளை விற்பவர், அவற்றுக்கான ஆதரவை நிறுத்தும் நாளில் கையொப்பச் சாவியை வெளியிட வேண்டும், அல்லது சொந்தக்காரர் தன் சாவியைப் பதிக்கத் தொடக்கத்திலேயே ஓர் இடம் விட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரிக்கு வேண்டிய காவலைத் தண்ணீர் மோட்டாருக்கும் அப்படியே போடுவது பாதுகாப்பு ஆகாது. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கிலும் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்.இ.டி.யை மினுக்க வைக்கும் பயிற்சிக்கு அடுத்த வகுப்பிலேயே ஆப்டிபூட்டின் மூல நிரலைத் திறந்து மாணவர்களிடம் காட்டுங்கள். ஒரு மதிய நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

கடைக்கு வருகிறேன். பழைய பெட்டியில் சில்லின் பெயரைச் சுரண்டி அழித்திருந்தார்கள். கால்களின் வரிசையை வைத்தே அது ஏவிஆர் என்று கடைக்காரர் கண்டுபிடித்தார். உள்ளிருந்த நிரலைப் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆனால் முழுக்க அழிப்பதைத் தடுக்கும் பூட்டு அந்தச் சில்லில் கிடையாது. யூஎஸ்பிஏஎஸ்பி கொண்டு அழித்து, ஆப்டிபூட்டை ஏற்றினார். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய அக்கா மகன் புது நிரலை எழுதினான். இப்போது நம்பரை விவசாயியே மாற்றிக்கொள்ளலாம்.

புதிய பெட்டியில் இ-ஃபியூஸ் எரிக்கப்பட்டிருந்தது. அது இன்னும் கடையின் அலமாரியில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் மோட்டார் ரூமில் பழைய பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இரவுக் கரண்டு வரும் நாட்களில் டார்ச்சோடு காட்டோரம் நடந்து போகிறார்.